எஞ்சின் அறைப் பதிவேடு

இருபத்து மூன்று வருடம்
பட்டர்வொர்த்துக்கும் பினாங்குக்கும் நடுவே
கடலைப் பார்க்காமலே கடல் கடந்தவன் நான்.
ஃபெரியின் அடிவயிற்றில்
அரை மணிக்கு ஒருமுறை எழுதுவேன்:
எண்ணெய் அழுத்தம், நீர்ச் சூடு, புகையின் நிறம்.
முள் சிவப்பைத் தொட்டால்
கேப்டனுக்கு முன்னால் எனக்குத் தெரியும்.

ஜெலுத்தோங் கிளினிக்கில்
என் கையில் பட்டையைச் சுற்றி
நூற்று எழுபது என்றார்கள்.
தலை வலிக்கவில்லையே என்றேன்.
கொடுத்த மாத்திரையைக் கொண்டுவந்து
பிஸ்கட் டின்னில் போட்டேன்.
இனிப்பு நீர் இருப்பது முன்பே தெரியும்.
தே தாரேயில் பாலைக் குறைக்கச் சொல்லி
அதற்கான மரியாதையைச் செய்தாகிவிட்டது.

ஆறு வருடம் கழித்துக்
காலணிக்குள் கால் போகவில்லை.
டாக்டர் இரண்டு அவரைவிதை வரைந்து காட்டினார்.
வடிகட்டி அடைத்துக்கொண்டது என்று
நானே சொன்னேன்.
வேறு மாட்டலாமா?
அவர் பேனாவை மூடினார்.

இப்போது திங்கள், புதன், வெள்ளி.
டத்தோ கிராமாட் சாலையில்
டயர் கடைக்குப் பக்கத்து வாசல்.
முதலில் தராசு.
உலர் எடை அறுபத்தொன்று;
நான் அறுபத்து மூன்றரை.
சரக்கேற்றிய படகுபோல்
இரண்டரை கிலோ தாழ்ந்து வருகிறேன்.
மிஸ்ஸி நோராய்னி இரண்டு ஊசி இறக்குகிறாள்.
நான்கு மணி நேரம்
என் இரத்தம் போய் வருகிறது,
அக்கரைக்கும் இக்கரைக்கும்.

பக்கத்து நாற்காலியில் கூ ஆ தெக்.
பாலேக் பூலாவில் பெலிம்பிங் தோட்டம்.
முப்பது வருடம் பழம் விற்றவன்,
இனி ஒரு துண்டு தின்றாலும்
போய்ச் சேர்ந்துவிடலாமாம்.
அதைச் சொல்லி அவனே சிரிப்பான்.

ஒரு நாளைக்கு எனக்கு அரை லிட்டர்.
கோடு போட்ட போத்தல்.
அக்டோபர் மழை ஆயர் ஈத்தாம் மலையை விட்டிறங்கிச்
சாக்கடை வழிய ஓடும்.
நான் ஓர் ஐஸ் கட்டியைக் கன்னத்தில் அடக்கிச்
சன்னலோரம் நிற்பேன்.
நீரிழிவு என்று பெயர் வைத்தவனைத்
தேடிக்கொண்டிருக்கிறேன்.
இழிய மாட்டேன் என்கிறதே ஐயா,
ஒரு சொட்டும்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை.
சரி.
உப்பே போடாத தவமலரை
அதற்கு மேலும் கொஞ்சம்.

இரவில் அவள்
என் இடது கை மடிப்பில் காதை வைப்பாள்.
தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்த இடம்.
உள்ளே சன்னமாய் ஓர் எஞ்சின்.
ஓடுது, என்பாள்.
பிறகுதான் விளக்கை அணைப்பாள்.

நேற்று மின்சார பில்லைத் தேடியபோது
அலமாரியில் என் பழைய பதிவேடு.
நான் எழுதாமல் விட்ட பக்கங்களில்
அவள் கையெழுத்து.
தேதி. எடை. குடித்தது. அழுத்தம்.
எண்ணெய் என்ற தலைப்பை அடித்துவிட்டுச்
சத்தம் என்று எழுதியிருந்தாள்.
அதற்குக் கீழே, நாள் தவறாமல்,
உண்டு. உண்டு. உண்டு.

கடைசிக் கட்டம், குறிப்பு.
என் காலத்தில் எப்போதும் காலியாய்க் கிடந்தது.
அதில் பென்சிலில், பொடியாய்:
176/102.
அடுத்த வாரம் 181/104.
என் கணக்கு அந்த நாட்களில்
நூற்று நாற்பதைத் தாண்டவில்லை.

பிஸ்கட் டின்னைத் திறந்தேன்.
அடியில் ஒரு கிளினிக் பை,
அவள் பெயர் ஒட்டியது,
பிரிக்காதது.

அடுப்படியில்
எனக்கான கீரையை முதல் தண்ணீர் வடித்து
இரண்டாம் தண்ணீரில் ஏற்றியிருந்தாள்.
உட்கார் என்றேன்.
என்ன இப்போ?
உட்கார்.
தலையெல்லாம் வலிக்கலையே எனக்கு.

பட்டையைச் சுற்றினேன்.
முள் இல்லாத கருவி இது,
எண்கள் மட்டும்தான் ஏறும்.
கீரை பொங்கிச் சுற்றிலும் வழிந்து
நெருப்பு சீறி அணைந்தது.
அவள் எழப் பார்த்தாள்.
அசையாதே என்றேன்.
எண்கள் இன்னும் ஏறிக்கொண்டிருந்தன.